தர்சுவுக்குப் புறப்படுவது யார்?

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 11:19-26

 

இந்தச் செய்தியை உங்களுக்கு எழுதுவதற்கு முன்னே, கர்த்தர் என்னோடு பேசினார். எனவே முதலாவது என் தவற்றை அறிக்கையிட்டுவிட்டு, அப்புறம் வசனத்துக்குள் போகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்பு எங்கள் சபையில் மூன்று நாள் கன்வென்ஷன் நடந்தது. கடைசி நாள் இரவு ஆவியானவர் பலமாய் அசைவாடினார். அழைப்புக் கொடுத்தபோது மேடைக்கு முன்னால் அநேகர் வந்து முழங்கால்படியிட்டார்கள். அவர்களில் ஒரு வாலிபன், லாரியில் கிளீனராக வேலை பார்ப்பவன், விம்மி விம்மி அழுதான். தீர்மான அட்டையில் பெயரை எழுதிக் கொடுத்தான். நான் அவன் தலைமேல் கை வைத்து ஜெபித்தேன். எங்கள் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தோம்.

இரண்டு ஞாயிறு ஆராதனைக்கு வந்தான். மூன்றாவது ஞாயிறு வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘புதிதாய் வந்தவர்களில் சிலர் வரவில்லை, அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று பிரசங்க பீடத்திலிருந்து அறிவிப்புக் கொடுத்தேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு மேஜை டிராயரில் வைத்தேன்.

நாலு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டீக்கடையில் அவனைப் பார்த்தேன். ஆள் பாதியாய் இளைத்திருந்தான். “என்னப்பா தம்பி, சபைப் பக்கமே காணோமே?” என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: “ஐயா, எனக்கு மஞ்சக்காமாலை வந்து லாரி செட்டுலேயே ஒரு மாசம் கெடந்தேன். நான் வரலைன்னு யாராவது ஒருத்தர் வந்து கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். யாரும் வரல. சரி, நம்ம யாருக்கும் வேணாம்போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

பிரியமானவர்களே, அந்த லாரி செட் எங்கள் சபையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. வியாதியஸ்தருக்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசித்து ஜெபிக்கிற சபை நாங்கள்! தூரத்து ஊர்களிலிருந்து ஜெபக்குறிப்புக் கடிதங்கள் எங்களுக்கு வரும். ஆனால் இரண்டு தெரு தள்ளிக் காமாலையில் கிடந்த எங்கள் சொந்தப் பிள்ளையை நாங்கள் அறியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். நசல்கொண்டதைக் குணமாக்காமலும், காணாமற்போனதைத் தேடாமலும் இருந்த மேய்ப்பர்களைக் கர்த்தர் எவ்வளவு கடினமாய்க் கடிந்துகொள்ளுகிறார்! அது இஸ்ரவேலின் மேய்ப்பர்களுக்குத்தானே என்று தப்பித்துக்கொள்ள முடியவில்லை. அது எனக்கே எழுதப்பட்டதுபோல் இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் பர்னபாவைக் கர்த்தர் எனக்குக் காண்பித்தார். இவன் லேவியன், சீப்புரு தீவைச் சேர்ந்தவன். இவனுடைய சொந்தப் பெயர் யோசே. ஆறுதலின் மகன் என்று பொருள்படும் பர்னபா என்னும் பெயரை அப்போஸ்தலர்கள்தான் இவனுக்குக் கொடுத்தார்கள் (அப். 4:36). நமக்கு மற்றவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்? யோசித்துப் பார்ப்போம். இவன் எழுதினதாக ஒரு நிருபமும் வேதத்தில் இல்லை. ஆனால் வேதாகமத்தில் நிருபங்களை எழுதின பவுலை இழுத்துச் சேர்த்தவன் இவன். மாற்கைக் கைவிடாமல் காத்தவனும் இவன். இவனிடத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஐந்து காரியங்களைக் கவனிப்போம்.

1. எல்லாரும் பயந்தபோது அருகில் சேர்த்துக்கொண்டான்

சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது ஒருவரும் அவனை நம்பவில்லை (அப். 9:26). அதில் தப்பும் இல்லை! நேற்றுவரை வீடு வீடாய்ப் புகுந்து விசுவாசிகளைச் சிறைக்கு இழுத்தவன் இன்றைக்கு வந்து, ‘நானும் சீஷன்’ என்றால் யார்தான் நம்புவார்கள்? அந்தச் சமயத்தில் பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடத்தில் கூட்டிக்கொண்டு போனான்.

27ஆம் வசனத்தை நிதானமாய் வாசித்துப் பாருங்கள். வழியிலே சவுல் கர்த்தரைக் கண்ட விதத்தையும், தமஸ்குவில் அவன் தைரியமாய்ப் பிரசங்கித்ததையும் பர்னபா விவரித்துச் சொல்லுகிறான். அப்படியானால் என்ன அர்த்தம்? அதற்கு முன்னே சவுலோடு உட்கார்ந்து, அவன் கதையை முழுவதும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறான்!

இன்றைக்கு நம் சபைகளில் பேச ஆயிரம் பேர் உண்டு. கேட்க ஆள் இல்லை. ஒருவன் தன் பாரத்தைச் சொல்ல வாய் திறக்கும்போதே, ‘எல்லாம் சரியாப் போயிடும் பிரதர், ஜெபம் பண்ணுங்க’ என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிடுகிறோம். ஆத்தும விசாரிப்பு வாயில் அல்ல, காதில் ஆரம்பிக்கிறது.

2. எழுப்புதலின் நடுவிலே ஒருவனைத் தேடிப் போனான்

அந்தியோகியாவில் பெரிய எழுப்புதல். எருசலேம் சபை பர்னபாவை அங்கே அனுப்புகிறது. அவன் தேவனுடைய கிருபையைக் கண்டு சந்தோஷப்படுகிறான். திரளான ஜனங்கள் சேர்க்கப்படுகிறார்கள். இப்படி ஒரு இடம் நமக்குக் கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? இன்னும் பெரிய பந்தல் போடுவோம்! பர்னபா என்ன செய்தான்? சவுலைத் தேடித் தர்சுவுக்குப் புறப்பட்டுப் போனான் (அப். 11:25).

சவுல் எருசலேமிலிருந்து தர்சுவுக்கு அனுப்பப்பட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தியோகியா இன்று துருக்கி நாட்டில் அந்தாக்கியா என்று அழைக்கப்படுகிறது. 2023 பிப்ரவரியில் வந்த பயங்கரமான பூமியதிர்ச்சியில் இடிந்துபோனதே, அந்த ஊர்தான். தர்சுவும் அதே நாட்டில்தான் இருக்கிறது. இன்றைய சாலை வழியாய் இரண்டுக்கும் நடுவே 200 கிலோமீட்டருக்கு மேல். குறுக்கே மலைத்தொடர். பஸ் இல்லை, போன் இல்லை, விலாசம் இல்லை. ஒரே ஒரு மனுஷனுக்காக இவ்வளவு தூரம்!

இதில் ஒரு ஆழமான சத்தியம் உண்டு. இங்கே ‘தேடும்படி’ என்று வருகிற கிரேக்க வார்த்தையை லூக்கா தன் சுவிசேஷத்திலும் எழுதியிருக்கிறார். எங்கே தெரியுமா? பன்னிரண்டு வயதான இயேசுவைக் காணாமல் யோசேப்பும் மரியாளும் உறவின்முறையார் நடுவில் தேடினார்களே, அங்கேதான் (லூக்கா 2:44). திருவிழாக் கூட்டத்தில் கைப்பிள்ளையைத் தவறவிட்ட தாய் எப்படித் தேடுவாள்? ‘நேரம் கிடைத்தால் பார்ப்போம்’ என்பாளா? முந்தானை விலகுவதுகூடத் தெரியாமல் ஓடுவாளே! அப்படிப்பட்ட தேடுதல் அது.

பர்னபா பரிசுத்த ஆவியினால் நிறைந்தவன் என்று அதற்கு முந்தின வசனம் சொல்லுகிறது. நாம் ஆவியில் நிரம்புகிறோம், அந்நியபாஷையில் பேசுகிறோம், துதிக்கிறோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! அதை நான் ஒருக்காலும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஆவியில் நிறைந்த பர்னபாவின் கால்கள் தர்சுவின் சாலையில் நடந்தன. அபிஷேகம் நம் கைகளைத் தட்டவைத்தது. நம் கால்களை எங்கே கொண்டுபோயிருக்கிறது?

3. கூடவே இருந்து வளர்த்தான்

தேடிப் போய்க் கண்டுபிடித்தான், கூட்டிக்கொண்டு வந்தான், அதோடு விட்டுவிட்டானா? இல்லை. இருவரும் ஒரு வருஷகாலமாய்ச் சபையோடே கூடியிருந்து அநேகருக்கு உபதேசம்பண்ணினார்கள். முதன்முதலாய்க் கிறிஸ்தவர்கள் என்கிற பெயர் சீஷர்களுக்கு அந்த ஊரிலேதான் உண்டாயிற்று (அப். 11:26). ஒரு கூட்டத்தில் பிள்ளை பிறக்கலாம். ஆனால் ஒரு கூட்டத்தில் பிள்ளை வளராது. பால் கொடுக்க வேண்டும், நடை பழக்க வேண்டும், விழுந்தால் தூக்க வேண்டும். தெசலோனிக்கேயரிடத்தில் தான் பால்கொடுக்கிற தாயைப்போலவும் புத்திசொல்லுகிற தகப்பனைப்போலவும் இருந்ததாகப் பவுல் எழுதுகிறார் (1 தெச. 2:7,11). அதைப் பவுல் எங்கே கற்றுக்கொண்டார்? பர்னபாவின் பக்கத்தில் இருந்தல்லவா!

நம்முடைய தேசத்திலேயே இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. தஞ்சாவூரில் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயர் 1785ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமைக்கு வந்தபோது, தேவசகாயம் என்பவருடைய மகனைக் கண்டார். சின்னப் பையன். ‘நல்லாப் படி தம்பி’ என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவரோ தகப்பனிடத்தில் கேட்டு, பையனைத் தஞ்சாவூருக்குத் தம்மோடு கூட்டிக்கொண்டு போய்ப் படிக்கவைத்தார். அந்தப் பையன்தான் வேதநாயகம் சாஸ்திரியார். சுவார்ட்ஸ் ஐயர் 1798இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சாஸ்திரியாரோ 1864 வரைக்கும் உயிரோடிருந்து பாடல்களை எழுதினார். நாம் இன்றைக்கும் அவற்றைப் பாடுகிறோம். ஐயர் ஒரு பையனின் கையைப் பிடித்தார். தமிழ்ச் சபை முழுவதும் பாடுகிறது!

4. சிஷ்யன் பெரியவனானபோது பொறாமைப்படவில்லை

முதலில் வேதம் ‘பர்னபாவும் சவுலும்’ என்றுதான் சொல்லிக்கொண்டு வருகிறது. 13ஆம் அதிகாரத்தின் நடுவிலே வரிசை மாறுகிறது. அதற்குப் பிறகு, சில இடங்களைத் தவிர, ‘பவுலும் பர்னபாவும்’ என்று ஆகிவிடுகிறது. பர்னபா முறுமுறுத்ததாக ஒரு வார்த்தையாவது உண்டா? ‘நான் கொண்டுவந்த ஆள், என்னை மிஞ்சிவிட்டானே’ என்று கமிட்டியைக் கூட்டினானா? இல்லவே இல்லை.

ஊழியக்காரரே, மூப்பரே, இங்கே நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம். வளர்க்கிறோம் என்ற பெயரில் சிலரைக் கட்டி வைக்கிறோம். ‘என்னைக் கேக்காம எதுவும் செய்யாத’ என்கிறோம். வேறொரு சபைக் கூட்டத்துக்குப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறோம். ஆடுகள் நம்முடையவை அல்ல, ஆண்டவருடையவை. நாம் வளர்க்கிறவன் நம்மைச் சார்ந்தே கடைசிவரை இருந்தால், அவனை நாம் வளர்க்கவில்லை.

5. விழுந்தவனை விட்டுவிடவில்லை

மாற்கு என்னும் யோவான் வாலிபன். முதல் மிஷனெரிப் பயணத்தில் உதவிக்காரனாய்ப் போனான். பெர்கே பட்டணத்தில் அவர்களை விட்டுப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிவிட்டான் (அப். 13:13). பின்பு ஒருநாள் பவுல் பர்னபாவிடத்தில், நாம் போன ஊர்களுக்கெல்லாம் திரும்பவும் போய், சகோதரர் எப்படியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்கிறார். பாருங்கள், பவுலுக்கும் விசாரிக்கிற பாரம் வந்துவிட்டது! ஆனால் மாற்கைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பர்னபா சொன்னபோது, பவுல் சம்மதிக்கவில்லை. நடுவழியில் விட்டு ஓடினவன் வேண்டாம் என்றார். கடுங்கோபம் மூண்டு, இருவரும் பிரிந்தே போனார்கள் (அப். 15:36-39).

பவுல் ஊழியத்தைப் பார்த்தார். பர்னபா வாலிபனைப் பார்த்தான். இரண்டும் வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு மாற்கைக் கையோடு கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பலேற ஒரு பர்னபா இல்லாதிருந்தால், மாற்கு என்னவாகியிருப்பான்? பல வருஷங்களுக்குப் பிறகு, காவலில் இருந்த அதே பவுல், மாற்கையும் கூட்டிவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார், தன் ஊழியத்துக்கு அவன் பயன்படுகிறவன் என்று சாட்சி கொடுக்கிறார் (2 தீமோ. 4:11). சபை ஆதிமுதல் இரண்டாம் சுவிசேஷத்தை மாற்கின் பெயராலேதான் அழைத்துவருகிறது. வேண்டாமென்று தள்ளப்பட்டவன்! உங்கள் சபையில் ‘அவன் தேறமாட்டான்’ என்று தள்ளிவைக்கப்பட்டிருக்கிற பிள்ளை யார்?

சரி பாஸ்டர், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்களா?

ஒரு பாஸ்டரால் எல்லாரையும் விசாரிக்க முடியாது. 1742இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பட்டணத்து மெதடிஸ்டு ஜனங்கள், கட்டடக் கடனைத் தீர்க்க பன்னிரண்டு பேருக்கு ஒருவரை வைத்து வாரம் ஒரு பென்னி காணிக்கை வசூலித்தார்கள். அப்படி வீடு வீடாய்ப் போனபோதுதான், ஒவ்வொருவரும் எப்படி ஜீவிக்கிறார்கள் என்பது வெளியே தெரிந்தது. இதைக் கண்ட ஜான் வெஸ்லி, அந்தத் தலைவர்களையே ஆத்தும விசாரிப்புக்கு ஏற்படுத்தினார். கடன் வசூலிக்கப் போன கால்களைக் கர்த்தர் ஆடுகளைத் தேடுகிற கால்களாக மாற்றினார்! நாமும் அப்படிப் பங்கு போட்டுக்கொள்ளலாமே. ஆளுக்கு ஒருவர், இரண்டு பேர் போதும். சகோதரனைச் சகோதரன் விசாரிக்கட்டும்; சகோதரியைச் சகோதரி விசாரிக்கட்டும்.

போகும்போது பிரசங்கத்தைக் கொண்டுபோகாதீர்கள். ‘சாப்பிட்டீங்களா? பிள்ளைக்கு ஜுரம் விட்டுச்சா?’ என்று கேளுங்கள். அவர்கள் நம்பிச் சொன்னதை ‘ஜெபக்குறிப்பு’ என்ற பெயரில் நாலு வீட்டில் சொல்லாதீர்கள்! எத்தனை ஆத்துமாக்கள் இதனாலேயே சபையை விட்டுப் போயிருக்கிறார்கள்! காமாலைக்காரனுக்கு ஜெபமும் வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆளும் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டுவிடாதீர்கள்.

‘எனக்குப் படிப்பில்லை, நான் யாரை வளர்ப்பேன்?’ என்கிறீர்களா? அந்த லாரி கிளீனர் தம்பியின் மீதிக் கதையைச் சொல்லுகிறேன். டீக்கடையில் நடந்ததை அடுத்த ஞாயிறு கண்ணீரோடே சபையில் சொன்னேன். எங்கள் சபையில் இட்லி சுட்டு விற்கிற ஒரு விதவைத் தாயார் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தூக்குவாளியில் இட்லியோடு லாரி செட்டுக்கே போய்விட்டார்கள். “ஏலே மக்கா, எனக்கு எழுத்து தெரியாது. சாயங்காலம் சும்மா இருந்தா வந்து ஒரு அதிகாரம் வாசிச்சுக் காட்டிட்டுப் போ. ராத்திரிச் சாப்பாடு இங்கேயே சாப்பிட்டுக்கோ” என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவன் போனான். மத்தேயுவில் ஆரம்பித்து வாசித்தான். அவர்கள் கேட்டார்கள். நடுநடுவே நிறுத்தி, “இதுக்கு என்னலே அர்த்தம்? நம்ம ரெண்டு பேரும் இப்படி இருக்கோமா?” என்று கேட்பார்களாம். அந்தத் தாயாருக்கு வாசித்துக் காட்டப் போய், அந்தத் தம்பி வேதம் கற்றுக்கொண்டான். நான் முப்பது பிரசங்கத்தில் செய்யாததைக் கர்த்தர் ஒரு தூக்குவாளியை வைத்துச் செய்தார்! அந்தத் தாயார் இப்போது கர்த்தரிடத்தில் இருக்கிறார்கள். அந்தத் தம்பி லாரி டிரைவராகிவிட்டான். மேடையில் பேசமாட்டான், கூச்சம். ஆனால் ஒரு ஞாயிறு யாராவது வரவில்லையென்றால், திங்கட்கிழமை அவன் அவர்கள் வீட்டு வாசலில் நிற்பான். வெளியூர் டிரிப் போயிருந்தால் போன் பண்ணுவான். “வரலையே, என்னாச்சு?” அவ்வளவுதான் கேட்பான். அந்தக் கேள்வியின் விலை அவனுக்குத் தெரியும்.

ஆனால் பிரியமானவர்களே, அந்த அட்டைக் கட்டில் எல்லாருடைய கதையும் இப்படி முடியவில்லை. டீக்கடை சம்பவத்துக்குப் பிறகு ஒவ்வொரு அட்டையாக எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். சிலர் கிடைத்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒரு வாலிபன் ஊரை விட்டே போய்விட்டான். எங்கே என்று வீட்டாருக்கும் தெரியவில்லை. நான் ஒரு மாதம் முந்திப் போயிருந்தால் அவனைப் பார்த்திருப்பேன். அவனுடைய அட்டை இன்றைக்கும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. தினமும் அவன் பெயரைச் சொல்லிக் கர்த்தரிடத்தில் கேட்கிறேன். புது ஊருக்குப் போனால் கூட்டத்தில் அவன் முகம் தெரிகிறதா என்று பார்க்கிறேன். அவன் இந்தப் பத்திரிகையை எங்கேயாவது வாசிக்க நேர்ந்தால், இதை அறிந்துகொள்ளட்டும்: தம்பி, தப்பு உன்மேல் இல்லை, என்மேல்தான். வந்துவிடு.

தேவபிள்ளையே, ஒருவேளை நீயே அப்படித் தேடுவாரற்றுக் கிடக்கிறாயா? மனுஷர் மறந்திருக்கலாம். நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் (யோவான் 10:3). உன் பெயர் அவருக்குத் தெரியும். அவர் உன்னைத் தேடிப் பரலோகத்திலிருந்தே புறப்பட்டு வந்தவர்!

தேடப்பட்டு, கண்டுபிடிக்கப்பட்டு, சபையில் சௌக்கியமாய் உட்கார்ந்திருக்கிற நமக்கோ ஒரு கேள்வி. அடுத்த ஞாயிறு ஆராதனையில் காலியாய் இருக்கிற இடத்தைப் பாருங்கள். போன மாதம் அங்கே உட்கார்ந்திருந்தது யார்? அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். முழங்காலில் நின்று ஜெபியுங்கள். ஜெபித்து முடித்ததும் எழுந்து செருப்பைப் போடுங்கள். உங்கள் தர்சு 200 கிலோமீட்டர் தூரத்தில் இல்லை. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

ஜெபிப்போமா?

அன்புள்ள பரம தகப்பனே, தொண்ணூற்றொன்பதையும் விட்டு எங்களைத் தேடி வந்த உமது அன்புக்காக உமக்கு ஸ்தோத்திரம். தேடாமல் இருந்த எங்கள் பாவத்தை மன்னியும். கேட்கிற காதைத் தாரும், நடக்கிற காலைத் தாரும், பிறர் வளரும்போது சந்தோஷப்படுகிற இருதயத்தைத் தாரும். எங்கள் கையை விட்டுப்போன ஒவ்வொருவரையும் நீர் எங்கிருந்தாலும் கண்டுபிடியும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் எங்கள் ஜீவனுள்ள பிதாவே. ஆமென்! அல்லேலூயா!